மனச்சோர்வு மருந்தை மாற்றும்போது: பதகளிப்பும் நித்திரையின்மையும் உள்ளவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஒரு மருந்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும் முதல் இரண்டு மூன்று கிழமைகளில்தான் பலர் மருந்தையே கைவிடுகிறார்கள். நெஞ்சு படபடக்கிறது, இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. உடனே "புது மருந்து எனக்கு ஒத்துவரவில்லை" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்த நாட்களில் உடம்புக்குள் இரண்டு வேலை ஒரே நேரத்தில் நடக்கிறது. பழைய மருந்து வெளியேறுகிறது, புதியது குடியேறுகிறது. இரண்டுக்கும் நாட்கணக்கு வேறு. எந்தக் கஷ்டம் எதனால் வருகிறது என்பதை அந்த நாட்கணக்கை வைத்தே பெரும்பாலும் பிரித்தறியலாம். இந்தப் பக்கம் முழுவதும் அதைப் பற்றியதுதான்.

கீழே வரும் அளவுகள் உங்கள் வைத்தியரோடு விளங்கிப் பேசுவதற்காகத் தரப்பட்டவை. வயது, ஈரல், சிறுநீரகம், கூட எடுக்கும் மற்ற மருந்துகள் என்பவற்றைப் பொறுத்து அவை மாறும். தயவுசெய்து இதைப் பார்த்து வீட்டில் தனியாக மாற்ற வேண்டாம்.

இப்போது எடுக்கும் குளிசை வேலை செய்யவில்லை என்று எப்போது சொல்லலாம்?

சரியான அளவில், ஒரு நாளும் தவறாமல், நான்கு முதல் ஆறு கிழமை எடுத்த பிறகு. பதகளிப்புத்தான் முக்கியப் பிரச்சினை என்றால் எட்டு முதல் பன்னிரண்டு கிழமைகூட ஆகலாம். நான்கு கிழமை முடிந்தும் துளியளவு முன்னேற்றம்கூட இல்லையென்றால், அதே அளவில் மேலும் காத்திருப்பதில் பயன் குறைவு.

"சரியான அளவு" என்பதில்தான் பலருக்குத் தவறுகிறது. எஸ்சிட்டலோப்ராம் 5 மி.கி., செர்ட்ரலின் 25 மி.கி. எல்லாம் தொடக்க அளவுகள். வயிற்றுக் குழப்பமும் படபடப்பும் வராமலிருக்கத்தான் அப்படித் தொடங்குகிறார்கள். வழமையான சிகிச்சை அளவு எஸ்சிட்டலோப்ராமுக்கு 10 முதல் 20, செர்ட்ரலினுக்கு 50 முதல் 200, ஃபுளுவொக்செட்டினுக்கு 20 முதல் 60 மி.கி. தொடக்க அளவிலேயே மாதக்கணக்கில் நின்றவருக்குப் பெரும்பாலும் தேவைப்படுவது அளவைக் கூட்டுவதுதான். வேறு மருந்து பிறகு. கிளினிக்கில் "அளவைக் கூட்டிப் பார்க்கலாமா?" என்று முதலில் கேளுங்கள்.

மாற்றுவதற்கு முன் தைரொயிட், இரத்தச்சோகை, மதுப் பழக்கம், ஸ்டீரொயிட் குளிசைகள் என்பவற்றையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. இன்னொன்று: வாழ்க்கையில் எப்போதாவது பல நாட்கள் தொடர்ந்து மூன்று மணித்தியாலம் மட்டும் தூங்கியும் களைப்பே இல்லாமல், பேச்சும் செலவும் திட்டங்களும் தலைகால் புரியாமல் ஓடிய காலம் இருந்ததா? இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். அது இருதுருவ நோயின் அடையாளமாக இருக்கலாம். அப்படியென்றால் சிகிச்சையின் வழியே வேறு.

பாமசியில் வேறு பெயரில் தந்துவிட்டார்கள். என் மருந்து மாறிவிட்டதா?

பெட்டியில் பெரிய எழுத்தில் இருப்பது கம்பனி வைத்த பெயர். அதன் கீழே சின்ன எழுத்தில் இருப்பதுதான் மருந்து. கீழே உள்ள பெயரும் மி.கி. அளவும் ஒன்றாக இருந்தால் மருந்து மாறவில்லை. கனடாவிலிருந்தோ இலண்டனிலிருந்தோ உறவினர் கொண்டுவந்த பெட்டிக்கும் இதுவே கணக்கு.

இதில் இரண்டு ஆபத்து உண்டு. ஒன்று, ஒரே மருந்தை இரண்டு பெயரில் இரட்டிப்பாக எடுத்துவிடுவது. அரச கிளினிக்கில் தந்ததும் தனியார் வைத்தியர் எழுதியதும் வீட்டில் சேரும்போது இது நடக்கிறது. மற்றது, பெயர் ஒத்திருப்பதால் வரும் குழப்பம். சிட்டலோப்ராமும் எஸ்சிட்டலோப்ராமும் ஒன்றல்ல, முன்னையதில் 20 மி.கி. பின்னையதில் 10 மி.கி.க்குச் சமம். வென்லஃபக்சினும் டெஸ்வென்லஃபக்சினும்கூட ஒன்றல்ல. "இரண்டும் ஒன்றுதான்" என்று கவுன்டரில் சொன்னால், வைத்தியரைக் கேட்காமல் வாங்க வேண்டாம்.

எப்படியெல்லாம் மாற்றுவார்கள்?

மூன்று வழி. முதலாவது நேரடி மாற்றம்: இன்று வரை எஸ்சிட்டலோப்ராம் 10, நாளை காலை செர்ட்ரலின் 50. ஒரே குடும்பத்து, அதாவது ஒரே விதமாக வேலை செய்யும் மருந்துகளுக்கிடையே இது பெரும்பாலும் இலகுவாக நடக்கும். புதியது பழையதன் இடத்தைப் பிடித்துக்கொள்வதால் விடுபடும் கஷ்டம் குறைவு. தோராயமான சமநிலை இது: ஃபுளுவொக்செட்டின் 20, செர்ட்ரலின் 50, எஸ்சிட்டலோப்ராம் 10, சிட்டலோப்ராம் 20, பரொக்செட்டின் 20. ஆனாலும் பதகளிப்பு மிகுந்தவர்களுக்குச் சமமான அளவுக்குப் பாதியில் தொடங்குவதையே நாம் நல்லதென்று நினைக்கிறோம்.

இரண்டாவது, ஒன்றைக் குறைத்துக்கொண்டே மற்றதைக் கூட்டுவது. மருந்துகள் வேறு குடும்பம் என்றால் இதுதான் வழமை. செர்ட்ரலின் 100 எடுப்பவர் மிர்ட்டசபினுக்கு மாறுவதாக வைத்துக்கொள்வோம். முதல் கிழமை செர்ட்ரலின் 50, அதோடு இரவில் மிர்ட்டசபின் 15. இரண்டாம் கிழமை செர்ட்ரலின் 25, மிர்ட்டசபின் 15. மூன்றாம் கிழமை செர்ட்ரலின் நிறுத்தம், தேவையானால் மிர்ட்டசபின் 30. இது ஒரு மாதிரி மட்டும். இரண்டு வருடத்துக்கு மேல் எடுத்தவருக்கு ஒவ்வொரு படிக்கும் இரண்டு கிழமை, சிலருக்கு அதற்கும் மேல் தேவைப்படும்.

மூன்றாவது, பழையதைக் குறைத்து நிறுத்தி, இடைவெளி விட்டு, பிறகு தொடங்குவது. சில சேர்க்கைகளுக்கு இது தவிர்க்க முடியாதது. ட்ரனில்சிப்ரொமின், ஃபெனெல்சின் போன்ற முந்தைய தலைமுறை மனச்சோர்வு மருந்துகள் ஒரு பக்கம் இருந்தால் இரண்டு கிழமை இடைவெளி வேண்டும். ஃபுளுவொக்செட்டினிலிருந்து அவற்றுக்குப் போவதென்றால் ஐந்து கிழமை. இதில் எந்தச் சலுகையும் கிடையாது, இரண்டும் உடலில் சந்தித்தால் உயிராபத்து.

ஃபுளுவொக்செட்டினை மட்டும் ஏன் தனியாகச் சொல்கிறார்கள்?

அது உடம்பை விட்டு லேசில் போகாது. செர்ட்ரலினும் எஸ்சிட்டலோப்ராமும் ஏறக்குறைய ஒரு நாளில் பாதியாகக் குறையும். வென்லஃபக்சின் சில மணித்தியாலங்களிலேயே குறைந்துவிடும். ஃபுளுவொக்செட்டின் உடலில் மாறி உருவாகும் பொருளோ பாதியாகக் குறைவதற்கே ஒன்று முதல் இரண்டு கிழமை எடுக்கும். அதனால் 20 மி.கி. எடுப்பவர் அதைப் படிப்படியாகக் குறைக்காமலே நிறுத்தலாம், அது தானாக மெல்ல இறங்கும். நான்கு முதல் ஏழு நாள் விட்டு, அடுத்த மருந்தைக் குறைந்த அளவில் தொடங்குவார்கள். செர்ட்ரலின் என்றால் 25 அல்லது 50, வென்லஃபக்சின் என்றால் 37.5 மி.கி.

அந்த வாரங்களில் ஃபுளுவொக்செட்டின் உள்ளேதான் இருக்கிறது என்பதை மறக்கக்கூடாது. அமிட்ரிப்டிலின், இமிப்ரமின் போன்றவை ஈரலில் உடைவதை அது தடுக்கும். நித்திரைக்கென்று எழுதிய அமிட்ரிப்டிலின் 25 மி.கி. அதற்கு மேற்பட்ட அளவு எடுத்ததுபோல் வேலை செய்யும். வாய் காய்தல், சலம் போக முடியாமல் தவித்தல், எழுந்தவுடன் தலைச்சுத்து எல்லாம் அதனால்தான்.

நிறுத்தியபோது தலைக்குள் கரண்ட் அடித்த மாதிரி இருந்தது. வருத்தம் திரும்பிவிட்டதா?

அது பெரும்பாலும் பழைய மருந்து விடுபடுவதன் அறிகுறி. குறைத்து இரண்டு முதல் நான்கு நாளுக்குள் தொடங்கும். கண்ணைத் திருப்பும்போது தலையில் சுரீர் என்ற அதிர்வு, தரை ஆடுவது போன்ற உணர்வு, ஓங்காளம், காய்ச்சல் குணம், காரணமில்லாத அழுகை, எரிச்சல், பயங்கரக் கனவுகள். இவற்றில் சில உங்கள் பழைய வருத்தத்தில் ஒருநாளும் இருந்ததில்லையே என்பதைக் கவனியுங்கள். அதுதான் முதல் துப்பு. இரண்டாவது துப்பு, பழைய அளவுக்குத் திரும்பினால் ஒன்றிரண்டு நாளில் சட்டென்று தெளிவது. திரும்பி வரும் மனச்சோர்வு அப்படியல்ல, கிழமைக்கணக்கில் மெல்ல மெல்லக் கூடும். மருந்து எடுத்தாலும் ஒரே நாளில் தெளியாது.

பலருக்கு இது ஒன்று முதல் மூன்று கிழமையில் தணியும். சிலருக்கு மாதங்கள் நீளும், அவர்கள் பொய் சொல்வதில்லை. பரொக்செட்டினிலும் வென்லஃபக்சினிலும் இந்தக் கஷ்டம் கூடுதல்.

கடைசிச் சில மி.கி. ஏன் இவ்வளவு பாடுபடுத்துகிறது என்பதற்கும் விளக்கம் உண்டு. சிட்டலோப்ராம் 20 மி.கி. மூளையில் அது ஒட்டும் இடங்களில் ஏறத்தாழ 80 வீதத்தைப் பிடித்துவைக்கிறது. பாதியாக்கி 10-க்கு வந்தாலும் 70 வீதத்துக்குச் சற்று மேல். 5-க்கு வந்தாலும் 60-ஐ ஒட்டியே நிற்கும். அந்த 5-இலிருந்து பூச்சியத்துக்குப் போவதுதான் பெரிய பள்ளம். ஆகவே மேலே வேகமாகவும் கீழே மெதுவாகவும் இறங்க வேண்டும். குறைப்பதற்காக ஒருநாள் விட்டு ஒருநாள் எடுப்பது பிழையான வழி. வென்லஃபக்சின், பரொக்செட்டின் போன்றவற்றில் அது ஒவ்வொரு இரண்டாம் நாளும் விடுபடும் கஷ்டத்தைப் புதிதாக வரவழைக்கும்.

குளிசையில் கோடு இருந்தால் கோட்டோடு பாதியாக்கலாம். மெதுவாக வெளிவிடும் வகைக் குளிசைகளை உடைக்கவோ பொடியாக்கவோ கூடாது. ஒரு நாளுக்குரிய மருந்து ஒரே மூச்சில் இறங்கிவிடும்.

புது மருந்து தொடங்கிப் பதகளிப்பு இரண்டு மடங்காகிவிட்டது. நிறுத்தலாமா?

முதல் பத்துப் பதினான்கு நாட்களில் இது எதிர்பார்க்கக்கூடியது. செரட்டோனினை (மூளை நரம்புகளுக்கிடையே செய்தி கொண்டுபோகும் இரசாயனம்) கூட்டும் மருந்துகள் தொடக்கத்தில் நரம்புகளைக் கொஞ்சம் உசுப்பிவிடும். மூளை அதற்குப் பழகிய பிறகே அமைதி வரும். நிறுத்தாமல் வைத்தியரை அழையுங்கள். அளவைப் பாதியாக்கி இரண்டு கிழமை பொறுத்துக் கூட்டுவது அநேகமானோருக்குப் போதும். உணவுக்குப் பின் எடுத்தால் ஓங்காளமும் குறையும். படபடப்புக்கு புரொப்ரானலோல் எழுதுவதும் உண்டு. ஆஸ்துமா இருந்தால் அது கூடவே கூடாது, கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

ஒன்றை மட்டும் சாதாரணப் பதகளிப்பு என்று விட்டுவிடாதீர்கள். ஓர் இடத்தில் இருக்கவே முடியாமல், கால்கள் தாமாக நடக்கச் சொல்லி, தோலுக்குள்ளிருந்து வெளியே பாய வேண்டும் போன்ற தவிப்பு வந்தால் அது வேறு. வைத்தியத்தில் அதை அக்கதீசியா என்பார்கள். அந்தத் தவிப்பில் உயிரை மாய்க்கும் எண்ணங்கள் வரலாம், அதிலும் 25 வயதுக்குக் குறைந்தவர்களில் முதல் கிழமைகளில் கவனம் வேண்டும். அன்றே வைத்தியரைக் காண வேண்டும், வீட்டில் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். இலங்கையின் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்தை அழைக்கலாம், தமிழில் பேச வேண்டும் என்று எடுத்தவுடனே சொல்லுங்கள். 1333 இலக்கத்திலும் ஆற்றுப்படுத்தல் கிடைக்கும். உடனடி ஆபத்து என்றால் 1990 சுவசெரிய அம்புலன்ஸ், அதற்குக் காசு இல்லை.

எந்த நேரத்தில் எடுத்தால் நித்திரை கெடாது?

ஃபுளுவொக்செட்டின், செர்ட்ரலின், வென்லஃபக்சின் ஆகியவற்றைக் காலையில் எடுங்கள். மிர்ட்டசபினும் அமிட்ரிப்டிலினும் இரவில். எஸ்சிட்டலோப்ராம் ஆளைப் பொறுத்தது. சிலரை அது தூங்க வைக்கும், சிலரை விழிக்க வைக்கும். ஒரு கிழமை காலையில் எடுத்துப் பார்த்துத் தீர்மானிக்கலாம். இரவிலிருந்து காலைக்கு மாற்ற வேண்டுமானால், ஓர் இரவு எடுக்காமல் விட்டு அடுத்த நாள் காலையில் தொடங்குவது பெரும்பாலானோருக்குச் சரிவரும். வென்லஃபக்சினில் அந்தச் சில மணித்தியால இடைவெளியே தலைச்சுத்தைத் தரலாம், அதை மட்டும் கேட்டுச் செய்யுங்கள்.

மிர்ட்டசபினில் பலர் எதிர்பாராதது, 15 மி.கி. தரும் அசதி 30-இல் சற்றுக் குறைவாக இருக்கலாம் என்பது. நித்திரை வருகிறது, ஆனால் காலையில் தலை பாரம் என்றால், படுக்கும் நேரத்துக்கு ஒன்றிரண்டு மணித்தியாலம் முன்பே எடுங்கள். முதல் சில நாள் காலையில் ஓட்டோவோ மோட்டார் சைக்கிளோ ஓட்ட வேண்டாம். பசி கூடும், நிறை ஏறும். தொடங்கும் நாளிலேயே நிறையைப் பார்த்துக் குறித்து வைப்பது பிறகு உதவும்.

நித்திரையே இல்லை. குளிசை தவிர என்ன செய்யலாம்?

முதலில் எந்த வகை நித்திரையின்மை என்று பாருங்கள். படுத்தும் வரவில்லையா, நடுச்சாமத்தில் விழிக்கிறதா, விடியற்காலை நாலு மணிக்கே முழிப்பு வந்து மனம் கனக்கிறதா? முதலாவது பெரும்பாலும் பதகளிப்பு. மூன்றாவது மனச்சோர்வின் சொந்தக் குணம், மருந்து வேலை செய்யத் தொடங்கினால் அது போகும். நடுவில் விழிப்பும் மிகத் தெளிவான கனவுகளும் மருந்து மாற்றத்தின் கைவேலை. இந்த மருந்துகள் கனவு காணும் நித்திரையை அடக்கி வைத்திருந்தன. அவை குறையும்போது அது வெள்ளமாகத் திரும்பி வருகிறது. ஒன்றிரண்டு கிழமையில் வடியும்.

எழும்பும் நேரத்தை ஒன்றாக்குங்கள். எத்தனை மணிக்குத் தூங்கினாலும், ஞாயிறோ போயாவோ, ஆறு மணி என்றால் ஆறு மணிதான். கொழும்பில் வருடம் முழுவதும் ஆறு மணியை ஒட்டியே விடிகிறது, இது பெரிய வசதி. எழும்பி அரை மணித்தியாலம் வெளியே வெளிச்சத்தில் நில்லுங்கள். வெள்ளவத்தைக் கடற்கரைப் பக்கம் நடக்கலாம், கொட்டாஞ்சேனையில் தொடர்மாடியின் மேல்தட்டில் நின்றாலும் போதும். உடலின் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது அந்தக் காலை வெளிச்சம்தான். இரவு நேரம் ஒழுங்காவது அதற்குப் பிறகு தானாக நடக்கும்.

நித்திரை வராமல் இருபது நிமிடம் போல ஆனால் (மணிக்கூட்டைப் பார்க்காமல், மதிப்பாக) கட்டிலை விட்டு எழும்புங்கள். மங்கிய வெளிச்சத்தில் கதிரையில் இருந்து துணி மடிக்கலாம், பழைய சஞ்சிகை ஒன்றைப் புரட்டலாம். கண் சொருகும்போது மட்டும் திரும்பப் படுங்கள். கட்டிலில் கிடந்து புரளப் புரள, "கட்டில் என்றால் பதகளிக்கும் இடம்" என்று மூளை படித்துவிடும். ஒரே அறையில் நாலு பேர் படுக்கும் வீட்டில் இது கஷ்டம் என்று தெரியும். குசினியில் ஒரு கதிரையை முன்கூட்டியே போட்டு வையுங்கள், யாரையும் எழுப்ப வேண்டி வராது.

படுக்கும் நேரத்தைச் சுருக்கும் முறை ஒன்றும் உண்டு. உண்மையில் தூங்கும் மணித்தியாலங்களை ஒரு கிழமை குறித்து, அவ்வளவு நேரம் மட்டும் கட்டிலில் இருப்பது. ஐந்தரை மணித்தியாலத்துக்குக் கீழே போகக்கூடாது. நல்ல முறைதான், ஆனாலும் மருந்து மாற்றும் முதல் இரண்டு கிழமையில் அதைத் தொடங்காதீர்கள். உடம்பு ஏற்கெனவே அலைக்கழிகிறது. இருதுருவ நோயோ வலிப்போ உள்ளவர்களும், வாகனம் ஓட்டிப் பிழைப்பவர்களும் வைத்தியரோடு பேசாமல் செய்யவே கூடாது.

தேத்தண்ணி: பகல் ஒரு மணிக்குப் பிறகு வேண்டாம். கஃபேனின் பாதி உடலை விட்டுப் போக ஏறத்தாழ ஐந்து மணித்தியாலம் ஆகும். பின்னேரம் ஐந்து மணிப் பிளேன்டீயில் பாதி இரவு பத்து மணிக்கும் உள்ளே இருக்கும். ஃபுளுவொக்சமின் (ஃபுளுவொக்செட்டின் அல்ல, வேறொரு மனச்சோர்வு மருந்து) எடுப்பவர்களுக்கு இது பல மடங்கு நீளும், அவர்கள் காலையிலும் அரைக் கோப்பையோடு நிறுத்துவது நல்லது. ஒரேயடியாக விட்டால் தலையிடி வரும். மூன்று நாளுக்கு ஒரு கோப்பையாகக் குறையுங்கள்.

புழுக்கத்துக்கும் ஒரு சொல். இந்த மருந்துகளில் பல இரவில் வேர்க்க வைக்கும், கொழும்பின் ஈரக் காற்றில் அது இரட்டிப்பு. படுக்க ஒரு மணித்தியாலம் முன்பு குளித்து, மெல்லிய பருத்தி விரிப்புப் போட்டு, மாற்று உடுப்பைக் கைக்கெட்டும் தூரத்தில் வையுங்கள்.

நித்திரைக் குளிசை சில நாள் போடலாமா?

போடலாம், முடிவுத் திகதியோடு. குளோனசபாம் 0.25 அல்லது 0.5 மி.கி. இரவில், இரண்டு முதல் நான்கு கிழமை. மாற்றத்தின் கரடுமுரடான நாட்களுக்கு இது நல்ல பாலம். மருந்துத் துண்டு வாங்கும்போதே "எப்போது நிறுத்துவது?" என்று கேட்டுக் கொப்பியில் எழுதுவியுங்கள். திகதி இல்லாமல் தொடங்கியவர்கள்தான் வருடக்கணக்கில் அதிலேயே நிற்கிறார்கள். சொபிகுளோன், சொல்பிடெம் என்பவற்றுக்கும் இதுவே. முதியவர்களுக்கு இரவில் எழும்பும்போது விழுந்து இடுப்பு முறியும் அபாயம் உண்டு.

ஏற்கெனவே மாதக்கணக்கில் டயசெபாமோ அல்பிரசொலாமோ எடுப்பவர் என்றால், மனச்சோர்வு மருந்தை மாற்றும்போதே அதையும் நிறுத்த முயல வேண்டாம். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம். புதிய மருந்து நிலைத்த பிறகு, இரண்டு கிழமைக்கு ஒருமுறை எட்டில் ஒரு பங்காகக் குறைக்கலாம். சட்டென்று நிறுத்தினால் வலிப்பே வரலாம்.

பிரிட்டன் (Piriton) என்ற ஒவ்வாமைக் குளிசையை நித்திரைக்குப் போடும் வழக்கத்தை விடுங்கள். மிர்ட்டசபின் அல்லது அமிட்ரிப்டிலினோடு சேர்ந்தால் அடுத்த நாள் மந்தமும் குழப்பமும்தான் மிச்சம். சாராயம் ஒரு கிளாஸ் தூங்க வைக்கும், ஆனால் மூன்று மணிக்குப் படபடப்போடு எழுப்பிவிடும். குளோனசபாமோடு சேர்ந்தால் மூச்சையே அடக்கலாம்.

இந்த மாற்றக் காலத்தில் எந்தெந்த மருந்துகள் ஆபத்து?

நோவுக்கு எழுதும் டிரமடோல், வறட்டு இருமலுக்கு விற்கும் டெக்ஸ்ட்ரோமெதோர்ஃபன் கலந்த பாணி, லினசொலிட் என்ற கிருமிக்கொல்லி, "இயற்கை" என்று வெளிநாட்டிலிருந்து வரும் செயின்ட் ஜோன்ஸ் வோர்ட் குளிசை. இவை எல்லாம் செரட்டோனினைக் கூட்டுபவை. இரண்டு மனச்சோர்வு மருந்து ஒரே நேரத்தில் உள்ளே இருக்கும் கிழமைகளில் மூன்றாவதாக இவற்றில் ஒன்று சேர்ந்தால் செரட்டோனின் நஞ்சாகலாம். அது பெரும்பாலும் 24 மணித்தியாலத்துக்குள் தெரியும்: கை நடுக்கம், கொட்டும் வியர்வை, வயிற்றோட்டம், விரிந்த கண்மணி, கணுக்கால் தானாகத் துடிப்பது, நிலைகொள்ளாமை. காய்ச்சல் ஏறி, உடம்பு விறைத்து, பேச்சுக் குழம்பினால் காத்திருக்காமல் 1990-ஐ அழையுங்கள். எடுக்கும் எல்லாக் குளிசை அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக் கையோடு கொண்டுபோங்கள்.

இடுப்பு வலிக்கு டைக்ளோஃபெனக், ஐபியுபுரோஃபன் அடிக்கடி போடுவோருக்கு வயிற்றில் இரத்தக் கசிவு வரும் வாய்ப்புக் கூடுகிறது. பனடோல் பாதுகாப்பானது. மார்புப் புற்றுநோய்க்கு டமொக்சிஃபென் எடுப்பவர்களுக்கு ஃபுளுவொக்செட்டினும் பரொக்செட்டினும் பொருந்தாது, அந்த மருந்தின் பலனையே குறைத்துவிடும். பிரஷருக்கு நீர் போகும் குளிசை எடுக்கும் 65 வயது கடந்தவர்களுக்கு உடலில் சோடியம் இறங்கலாம். மாற்றி இரண்டு முதல் நான்கு கிழமைக்குள் ஒரு இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். அம்மா திடீரென்று தடுமாறுகிறார், சொன்னதையே சொல்கிறார் என்றால் "வயசு போய்விட்டது" என்று விடாதீர்கள். அதே வயதினருக்கு எஸ்சிட்டலோப்ராம் 10 மி.கி.க்கும் சிட்டலோப்ராம் 20 மி.கி.க்கும் மேல் போகக்கூடாது, இதயத் துடிப்பின் ஒழுங்கு குலையலாம்.

கர்ப்பம் என்று தெரிந்துவிட்டது. உடனே நிறுத்தட்டுமா?

வேண்டாம். அந்தக் கிழமைக்குள் வைத்தியரைக் காணுங்கள். திடீரென்று நிறுத்துவதால் வரும் சரிவு தாயையும் பிள்ளையையும் சேர்த்தே பாதிக்கும். பரொக்செட்டின் எடுப்பவர்களை வேறொன்றுக்கு மாற்றுவது பற்றிப் பேசுவார்கள். கர்ப்பத்திலும் பாலூட்டும்போதும் செர்ட்ரலினைப் பலர் தெரிவு செய்கிறார்கள்.

நோன்பும் விரதமும் பிடிக்கலாமா?

ஒரு நாளைக்கு ஒருமுறை எடுக்கும் மருந்தென்றால் ஏற்பாடு செய்யலாம். காலை மருந்தை சஹர் நேரத்துக்கும், இரவு மருந்தை நோன்பு திறந்த பின்னரும் வைக்கலாம். ரமழான் தொடங்குவதற்கு இரண்டு கிழமைக்குள்ளோ, கந்தசஷ்டி போன்ற நீண்ட விரதத்துக்குள்ளோ மாற்றத்தைத் தொடங்காமல் இருப்பதே நல்லது. நித்திரை நேரமும் சாப்பாடும் குலையும் காலத்தில், கஷ்டம் மருந்தாலா பட்டினியாலா என்று யாராலும் சொல்ல முடியாது. மனநிலையைச் சீராக வைக்கும் லித்தியமும் எடுப்பவர்கள் தண்ணீர் குடிக்காமல் இருக்கும் விரதம் பிடிக்க வைத்தியரின் அனுமதி வேண்டும், உடலில் நீர் குறைந்தால் லித்தியம் நஞ்சாக ஏறும்.

கிளினிக் நாள் போயாவில் விழுந்தது, மருந்தும் முடிந்துவிட்டது. என்ன செய்வது?

இப்படி விடுபடும் இரண்டு மூன்று நாள்தான் பல மாற்றங்களைக் குழப்புகிறது. திகதி தரும்போதே கலண்டரைப் பாருங்கள். விடுமுறை என்றால் அங்கேயே சொல்லி ஒரு கிழமை மேலதிகமாகக் கேளுங்கள். வீட்டில் எப்போதும் ஏழு நாள் மருந்து கையிருப்பாக இருக்கட்டும். ஆஸ்பத்திரியில் இல்லையென்று வெளியே வாங்கத் துண்டு எழுதித் தந்தால் அன்றே வாங்குங்கள். அரச ஒசுசலவில் முதலில் கேட்டுப் பார்க்கலாம். 2022-இல் நாட்டில் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது ஒரு மருந்து எங்கும் கிடைக்காமல் போவது எப்படியிருக்கும் என்று எல்லோரும் கண்டோம். ஆகவே மாற்றும் முன், "இது தொடர்ந்து கிடைக்குமா, இல்லாவிட்டால் எதற்கு மாறுவது?" என்று கேட்பது நியாயமான கேள்வி.

ஒரு நாள் மறந்துவிட்டால், அன்றே நினைவு வந்தால் எடுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடுங்கள். இரண்டாகப் போட வேண்டாம்.

எந்த மருந்துக்கு மாறுவது நல்லது?

எல்லோருக்கும் ஒன்று என்று கிடையாது. 2006-இல் வெளிவந்த ஸ்டார்-டி என்ற அமெரிக்கப் பேராய்வில், சிட்டலோப்ராம் சரிவராதவர்களைச் செர்ட்ரலின், வென்லஃபக்சின், புப்ரொபியோன் என்ற மூன்றில் ஒன்றுக்கு மாற்றினார்கள். மூன்றிலும் ஏறக்குறைய நான்கில் ஒருவர் முழுதாகத் தேறினார், வித்தியாசம் பெரிதாக இல்லை. ஆகவே பக்கவிளைவையும் கூட இருக்கும் தொல்லையையும் வைத்தே தெரிவு செய்ய வேண்டும். நித்திரையும் பசியும் போனவருக்கு மிர்ட்டசபின் பொருந்தும். நரம்பு வலியும் சேர்ந்திருந்தால் டியுலொக்செட்டின். பிரஷர் கட்டுக்குள் இல்லாதவருக்கு வென்லஃபக்சின் யோசித்தே தர வேண்டும். பதகளிப்பும் நித்திரையின்மையுமே முன்னிற்பவருக்குப் புப்ரொபியோன் எங்கள் தெரிவாக இராது, அது விழிப்பைக் கூட்டும் மருந்து.

கிளினிக்கில் ஐந்து நிமிடம்தான் கிடைக்கிறது, அதுவும் சிங்களத்தில். எப்படிச் சொல்வது?

ஒரு கொப்பித் தாளில் நாளுக்கு ஒரு வரி எழுதுங்கள். திகதி, எடுத்த குளிசையும் மி.கி.யும், படுத்த நேரம், எழும்பிய நேரம், இடையில் எத்தனை முறை விழிப்பு, பதகளிப்புக்குப் பத்துக்கு எத்தனை. தலை அதிர்வு, சத்தி, நடுக்கம் வந்தால் அந்த நாளில் மட்டும் குறியுங்கள். எண்களுக்கு மொழி தேவையில்லை. மருந்து குறைத்த நாளில் ஒரு கோடு இழுத்துவிட்டால், கஷ்டம் அந்தக் கோட்டுக்கு மூன்றாம் நாள் வந்ததா மூன்றாம் கிழமை வந்ததா என்று வைத்தியருக்கு ஒரு பார்வையிலே தெரியும். மருந்தின் பெயரை அட்டையில் உள்ளபடியே எழுதுங்கள். தாளின் மேலே ஒரேயொரு கேள்வியை, உங்களுக்கு மிக முக்கியமானதை, பெரிதாக எழுதிக் கையில் கொடுங்கள். மொழிபெயர்க்க ஆள் வேண்டுமென்றால் வரிசையில் நிற்கும்போதே தாதியிடம் சொல்லுங்கள். தற்கொலை எண்ணமோ குடும்பத்துக்குள் சொல்ல முடியாத விஷயமோ இருந்தால், அதை வீட்டாரை வைத்து மொழிபெயர்க்க வேண்டாம்.